நாலாம் நாள் சொல்றேன்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அந்தச் சீனப் புத்தாண்டு விடுமுறையில் என் இரண்டு காதும் கொதித்துக்கொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பதினாறு வயதுப் பெண் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பெயர் யூஜியே. பான்ச்சியா நகரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காலைச் சிற்றுண்டிக் கடை நடத்தும் லியாவ் அம்மாளின் மகள். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்க மாட்டாள். ஒரு கேள்வி கேட்டால் 'ம்' என்பாள், இரண்டாவது கேள்விக்கு அதுவும் வராது. அப்படிப்பட்டவளிடம் என் நாயை விட்டுவிட்டு நான் ஊருக்குப் போனேன் என்றால், எனக்கு வேறு வழியே இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். நாய் விடுதிகள் எல்லாம் அக்டோபரிலேயே நிரம்பிவிட்டன. ஒரே ஒரு விடுதியில் இடம் இருந்தது. இதய நோயுள்ள நாய் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆள் போனை வைத்துவிட்டான்.

நாயின் பெயர் மிகாவ். பதின்மூன்று வயது, நாலு கிலோ எடை, பழுப்பு நிறம். காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் மாத்திரை கொடுக்க வேண்டும், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. நீண்ட கார்ப் பயணம் கூடாது, அதிர்ச்சி கூடாது. எனக்கும் என் கணவர் குவோசெங்குக்கும் பிள்ளைகள் இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு நாய் என்னவாக ஆகிவிடும் என்பதை விளக்கிச் சொல்ல எனக்குப் பிடிக்காது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

யூஜியே கூலி பேசிய விதத்தைக் கேட்க வேண்டும்.

"ஒரு நாளைக்கு அறுநூறு தரேன்" என்றேன்.

"புத்தாண்டு மூணு நாளும் எண்ணூறு ஆன்ட்டி. அந்த நாள்ல யாரும் வேலைக்கு வர மாட்டாங்க."

"நீ என்ன பேங்க் மேனேஜரா?"

"இல்ல ஆன்ட்டி. எண்ணூறு."

கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது?

கிழங்கை மசித்து மாத்திரையை உள்ளே வைத்து உருட்டிக் கொடுப்பது எப்படி என்று இரண்டு முறை செய்து காட்டினேன். பாதியை அவளே செய்தாள், சரியாகத்தான் செய்தாள். மிகாவ் அவள் கையை நக்கிவிட்டு அவள் மடியிலேயே சுருண்டு படுத்தது. எனக்கு அதுவும் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போது கடைசியாக ஒன்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதற்கு முந்தின வருடத்தைச் சொல்ல வேண்டும். முந்தின வருடம் புத்தாண்டின் முதல் நாள் காலையில், தெற்கே யுன்லினில் மாமியார் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. "யாரு? என்ன போட்டிருக்காங்க? படி, நாங்களும் கேக்குறோம்" என்றார் மாமியார். நான் ஒரு முட்டாள், பழக்க தோஷத்தில் சத்தமாகப் படித்துவிட்டேன். என் பழைய முதலாளி இறந்துபோன செய்தி அது. முதல் நாள் காலையில், குலமுன்னோர் பீடத்துக்கு முன்னால், என் வாயிலிருந்து சாவு. ஏப்ரலில் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அதற்குக் காரணம் நான். ஜூனில் மச்சினரின் லாரி வாய்க்காலில் இறங்கியது. அதற்கும் நான்தான். வருடம் முழுக்க ஒவ்வொரு போனிலும் எனக்கு இந்த அர்ச்சனை நடந்தது.

அதனால் யூஜியேயிடம் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "இன்னைக்குச் சாயங்காலத்துலேருந்து எனக்கு நல்ல வார்த்தை மட்டும்தான் அனுப்பணும். என் மாமியார் என் போனையே பாத்துட்டு இருப்பாங்க. இந்த மூணு நாள்ல சாவு, நோவுன்னு ஒரு சொல் வந்தாலும் என் வருஷமே போச்சு. எதுவா இருந்தாலும் நாலாம் நாள் சொல்லு."

அவள் அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "எதுவா இருந்தாலுமா ஆன்ட்டி?"

"எதுவா இருந்தாலும். புரிஞ்சுதா?"

"ம்."

சோபாவில் மூத்திரம் போவது, கிண்ணம் உடைவது, இவைதான் அப்போது என் மனதில் இருந்தன.

ஏழு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஊர்ந்து, மாமியார் வீட்டு வாசலில் இறங்கியதும் நேராகச் சமையலறைக்குள் போனேன். புத்தாண்டுக்கு முந்தின சாயங்காலம் மருமகளுக்கு நாற்காலி கிடையாது. முழு மீனைப் பொரித்து, கோழியை வேகவைத்து, முள்ளங்கிக் கேக்கை நறுக்கிக்கொண்டே ஏழு மணிக்கு யூஜியேக்குச் செய்தி அனுப்பினேன். 'மாத்திரை ஆச்சா?' அவள் பார்த்துவிட்டாள் என்று அடையாளம் விழுந்தது. பதில் இல்லை. எட்டு மணி வரை இல்லை. எட்டேகாலுக்கு ஒரு பன்றி நடனமாடும் பொம்மைப் படம் வந்தது. 'செல்வம் கொழிக்கட்டும்!'

'படம் அனுப்பு' என்று கேட்டேன். அரை மணி கழித்து ஒரு படம் வந்தது. மிகாவின் முதுகு மட்டும் தெரிந்தது. கட்டிலுக்கடியில் இருட்டில் எடுத்த படம்.

"என்ன எப்பப் பாத்தாலும் போனு?" என்றார் மாமியார்.

"நாயைப் பாத்துக்க ஒரு பொண்ணை வெச்சிருக்கேன் அத்தை. அவகிட்ட கேட்டுட்டு இருக்கேன்."

"நாயைப் பாத்துக்க ஆளா? காசு கொடுத்தா?" மேசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "என் புருஷனுக்கு இடுப்பு ஒடிஞ்சப்போ இவளுக்கு ரெண்டு நாள் லீவு கிடைக்கல. நாய்க்குச் சம்பளத்துக்கு ஆள் வெச்சிருக்கா! அடுத்த பிறவியில நான் உங்க வீட்டு நாயாப் பொறக்குறேன்மா."

எல்லாரும் சிரித்தார்கள். குவோசெங்கும் சிரித்தான். நான் மீன் தட்டை மேசையில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். வெளியே பட்டாசு வெடிக்கத் தொடங்கியது. பான்ச்சியாவிலும் இப்படித்தான் வெடிப்பார்கள் என்று தோன்றியதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள், புத்தாண்டின் முதல் நாள். எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. காலையில் மாத்திரைப் பட்டையை எடுத்ததுமே மாமியார் பிடித்துக்கொண்டார்.

"முதல் நாள் மருந்து தின்னா வருஷம் பூரா தின்னணும். உள்ள வை."

நான் வருடம் பூராவும்தான் தின்கிறேன். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? தலையை ஆட்டிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து மாத்திரையை விழுங்கினேன். நாற்பத்தாறு வயதில் திருட்டுத்தனமாக மாத்திரை தின்கிறேனே என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது. விழுங்கி முடித்த அந்த நிமிடத்தில்தான் லியாவ் அம்மாளின் நினைப்பு வந்தது. அவள் என் மாமியாரைவிட இரண்டு மடங்கு சாஸ்திரம் பார்ப்பவள். முதல் நாள் தன் பெண் மருந்தைத் தொட அவள் விடுவாளா?

அங்கேயே நின்று செய்தி அனுப்பினேன். 'மாத்திரை கொடுத்தியா?'

பதில் உடனே வந்தது. 'ஆன்ட்டிக்கும் அங்கிளுக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்! உடல்நலம் சிறக்கட்டும்!'

'அதை விடு. மிகாவ் சாப்பிட்டுச்சா?'

'ஆண்டு முழுதும் வீட்டில் குறைவில்லாமல் இருக்கட்டும்!'

'விளையாடாதே யூஜியே. இருமுதா?'

'எங்கும் அமைதி நிலவட்டும்!'

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. அடிப்பாவி, கல்லுளிமங்கி! நான் என்ன உன்னிடம் வாழ்த்து மடலா கேட்டேன்? காசு வாங்கியிருக்கிறாய் அல்லவா, ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா? அவளைத் திட்டி நீளமாக ஒன்று எழுதினேன். அனுப்பவில்லை, அழித்தேன். வெளியே மாமியார் கதவைத் தட்டினார். "உள்ள என்ன பண்றே? பூஜைக்கு நேரமாச்சு!"

"வரேன் அத்தை!"

வாழ்த்துகள் வருகிற வேகத்தைப் பார்த்தால் அவள் கைப்பேசியும் கையுமாகத்தான் இருக்கிறாள். என் செய்திகளைப் படிக்கிறாள். கேள்வி புரிகிறது. ஆனாலும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள். கோபத்துக்கு நடுவில் இது என் மண்டையில் மெல்ல உறைத்தது. இன்னொன்று எழுதினேன். 'கெட்டது ஏதாவது இருந்தா இப்பவே சொல்லு.'

அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டும் மூன்று புள்ளிகள் தோன்றின. மறைந்தன. மறுபடி தோன்றின. பிறகு வந்தது.

'நாலாம் நாள் சொல்றேன் ஆன்ட்டி.'

குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்து குவோசெங்கைத் தாழ்வாரத்துக்கு இழுத்தேன். "மிகாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. நான் இப்பவே கிளம்பணும்."

"இப்பவா? மெய்யுன், இன்னைக்கு முதல் நாள். நாளைக்குப் பொண்ணுங்க அம்மா வீட்டுக்குப் போற நாள். நீயும் உங்க அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பிடலாம். ஒரு ராத்திரிதானே?"

"அது ஒரு ராத்திரி தாங்காதுடா!"

"அந்தப் பொண்ணு நாய் செருப்பைக் கடிச்சுடுச்சுன்னு சொல்ல வந்திருப்பா. அம்மா காதுல விழப்போகுது, மெதுவாப் பேசு."

அப்போதும் இவனுக்கு அம்மா காதுதான் பெரிதாக இருந்தது. இருபது வருடம் நானும் அந்தக் காதுக்குப் பயந்துதான் வாழ்ந்திருக்கிறேன். அந்தப் பயத்தைத்தான் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் தலையில் ஏற்றி வைத்துவிட்டு வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. கூடத்துக்குள் போனேன். பீடத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. ஆரஞ்சுப் பழங்களை அடுக்கிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார்.

"அத்தை, எங்க நாய் சாகக் கிடக்கு. நான் ஊருக்குப் போறேன்."

மாமியார் கையிலிருந்த ஆரஞ்சு நழுவித் தரையில் உருண்டது.

"என்ன வார்த்தை சொன்னே? யார் முன்னாடி நின்னு சொல்றே?"

"சாகக் கிடக்குன்னு சொன்னேன். அதை நல்ல வார்த்தையா மாத்திச் சொல்லத் தெரியல எனக்கு."

"முதல் நாள் மருமக வாசப்படி தாண்டிப் போனா இந்த வீடு வெளங்குமா? போன வருஷம் பட்டது போதாதா? ஒரு நாய்க்காக..."

"ஆமா அத்தை. ஒரு நாய்க்காகத்தான்."

பெட்டியை எடுக்க மாடிக்கு ஏறும்போதே யூஜியேக்குக் குரல் செய்தி அனுப்பினேன். "நான் அப்படிச் சொன்னது தப்பும்மா. என் மாமியார் முன்னாடியே சொல்லக் கூடாததை எல்லாம் சொல்லிட்டேன், இனிமே ஒண்ணும் இல்ல. தயவுசெஞ்சு போனை எடு."

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். எடுத்தவுடன் ஓவென்று அழுதாள்.

"ஆன்ட்டி, நேத்து பட்டாசு போட்டப்போ கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. வெளிய வந்ததுலேருந்து மூச்சு வாங்குது. மாத்திரை குடுத்தேன், துப்பிடுச்சு. மறுபடி குடுத்தேன், வாந்தி எடுத்துடுச்சு. இன்னைக்கு மருந்தே தொடக்கூடாதுன்னு அம்மா திட்டினாங்க, நான் கேக்கல, காலையிலயும் குடுத்துப் பாத்தேன். உள்ள போகவே இல்ல. இப்போ படுக்கவே மாட்டேங்குது, உக்காந்தே இருக்கு. நாக்கு ஒரு மாதிரி ஊதாவா இருக்கு."

"நீ எங்க இருக்கே?"

"உங்க வீட்லதான். நேத்துலேருந்து இங்கதான் இருக்கேன். வீட்டுக்குப் போகல."

"போனை ஏன்டி எடுக்கல?"

"பேசினா அழுதுடுவேன்னுதான். நீங்க நல்லது மட்டும்தான் சொல்லணும்னு சொன்னீங்க."

பிராணிகளுக்கான அவசர மருத்துவமனையின் முகவரியைச் சொல்லி, உடனே டாக்ஸி பிடித்துப் போகச் சொன்னேன். அழுகையை நிறுத்திக்கொண்டு, "சரி ஆன்ட்டி, போர்வையில சுத்தித் தூக்கிட்டுப் போறேன்" என்றாள். அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

குவோசெங் அதிவேக ரயில் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டான். "அம்மாவைச் சமாதானப்படுத்திட்டு ராத்திரி வரேன்" என்றான். சமாதானப்படுத்து, நன்றாகச் சமாதானப்படுத்து என்று சொல்லிவிட்டு இறங்கினேன். உட்கார இடமில்லை, வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன். சுற்றிலும் புதுச் சட்டை போட்ட குழந்தைகள் புத்தாண்டுக் காசு வைத்த சிவப்பு உறைகளைப் பிரித்து விளையாடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மருத்துவமனைக் கூடத்தில் மாலை வெயில் விழுந்திருந்தது. யூஜியே நேற்றுப் போட்டிருந்த அதே சட்டையோடு, முட்டியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் லியாவ் அம்மாள் புத்தாண்டுச் சிவப்பு உடையில் முறைத்துக்கொண்டு இருந்தாள். நான் உள்ளே நுழையும்போதே இளம் மருத்துவர் ஒருவர் வந்துவிட்டார்.

"நீங்கதான் சொந்தக்காரரா? நுரையீரல்ல தண்ணி நிறைய சேர்ந்துடுச்சு. ஆக்சிஜன் பெட்டியில வெச்சிருக்கோம், ஊசி போட்டிருக்கோம். நேத்து ராத்திரியே கொண்டு வந்திருந்தா இவ்வளவு மோசமாகி இருக்காது." அவர் யூஜியே பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவ்வளவு நேரம் ஏன் யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தே?"

யூஜியே தன் செருப்பைப் பார்த்தாள். லியாவ் அம்மாள் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "கேக்குறாங்கல்ல, வாயைத் திறந்து சொல்லேண்டி! காசு வாங்கத் தெரிஞ்சுது, போன் பண்ணத் தெரியலையா? ஊரே இப்போ என் பொண்ணுதான் நாயைக் கொன்னான்னு சொல்லப்போகுது!"

அடி வாங்கியும் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் பழி அவள்மேலேயே நின்றிருக்கும். அந்த ஒரு நொடி எனக்கு அது தெரிந்தும் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

"அவளை அடிக்காதீங்க" என்றேன். "சொல்லக்கூடாதுன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன். எதுவா இருந்தாலும் நாலாம் நாள் சொல்லுன்னு நான்தான் சொன்னேன்."

லியாவ் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சின்னப் பொண்ணு வாயைக் கட்டிப்போட்டுட்டுப் போனீங்களா? நீங்கல்லாம் பெரிய மனுஷியா? நேத்து ராத்திரி பூரா சாப்பிடக்கூட வரல இவ, நான் சோறு எடுத்துட்டுப் போய்க் கதவைத் தட்டினேன், தெரியுமா?" முதல் நாள் என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அத்தனையும் எனக்குச் சேர வேண்டியதுதான். நின்று வாங்கிக்கொண்டேன்.

"நான் அதைப் பாக்கணும் டாக்டர்."

அவர் தயங்கினார். "இப்போ வேண்டாங்க. உங்களைப் பாத்தா சந்தோஷத்துல எழுந்திருக்கப் பாக்கும். அந்த இதயம் அதைத் தாங்காது. உங்க குரல்கூடக் கேக்கக் கூடாது. இந்தப் பொண்ணு பக்கத்துல இருந்தா அமைதியா இருக்கு, அதனால இவ உள்ள இருக்கட்டும். மூச்சு கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

பல மாவட்டம் தாண்டி, ஒரு குடும்பத்தையே பகைத்துக்கொண்டு, நின்றுகொண்டே வந்திருக்கிறேன். என் நாய் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நான் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கத்த வேண்டும் போல இருந்தது. யாரிடம் கத்துவது? சரி என்று தலையை ஆட்டினேன்.

யூஜியே உள்ளே போனாள். பால்நிறக் கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. நான் அதற்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, இருமல் வந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். உள்ளே இயந்திரச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அதற்கு நடுவே யூஜியே மெல்லிய குரலில் என்னமோ பேசிக்கொண்டே இருந்தாள், என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. இருபது நிமிடம் இருக்கும். திடீரென்று ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. மருத்துவர் என்னைத் தாண்டி உள்ளே போனார். நான் அப்போதும் நகரவில்லை. உள்ளே போனால் எழுந்திருக்கப் பார்க்குமே என்று அப்படியே நின்றேன்.

கதவு திறந்தது. யூஜியே வெளியே வந்து என் எதிரில் நின்றாள். கண்ணைத் தாழ்த்தவில்லை.

"செத்துப்போச்சு ஆன்ட்டி."

"ச்சீ, இன்னைக்குப் போய் அந்த வார்த்தையை..." என்று லியாவ் அம்மாள் பாய்ந்து வந்து மகளின் வாயைப் பொத்தப் போனாள். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"அவ சொல்லட்டும்" என்றேன். "சொல்லும்மா. நேத்துலேருந்து என்ன ஆச்சுன்னு எனக்கு ஒண்ணு விடாமச் சொல்லு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. எல்லாவற்றையும் சொன்னாள். கட்டிலுக்கடியில் அதோடு சேர்ந்து தானும் படுத்துக்கொண்டதைச் சொன்னாள். ஐந்து முறை மாத்திரை உருட்டியதைச் சொன்னாள். கடைசியில் இதையும் சொன்னாள்.

"நீங்க வெளில நின்னது அதுக்குத் தெரிஞ்சிருக்கு ஆன்ட்டி. கடைசி வரைக்கும் கதவையேதான் பாத்துட்டு இருந்துச்சு."